ஒட்டுப்பால்

ஆசாரிப்பள்ளம். ஆய்வகத்தில்
ஏசி ஓடாத மூன்றாவது வியாழன்.
கண்ணாடித் தகட்டில்
நகத்துணுக்கு அளவுக்கு டென்சிங்.

நாற்பத்தோரு வயது.
குளச்சலில் மீன் ஏற்றிய மினிலாரி
தக்கலை தாண்டி, மழையில்,
நின்றிருந்த டாரஸ் ஒன்றின் பின்னால்.
மற்றதெல்லாம் வேறு மேசையின் வேலை.
எனக்கு வந்தது தண்டுமூளையில் ஒரு சீவல்.
ஆராய்ச்சிக்கென்று கையெழுத்திட்ட றோஸ்லெட்டுக்கு
எதில் இட்டோம் என்று தெரிந்திருக்குமா
என்று கேட்காமலிருக்கப் பழகியிருந்தேன்.

வெள்ளிச் சாயம் ஏற்றினேன்.
நல்ல செல்கள் வெளிறி ஒதுங்கிக்கொண்டன.
நீலப்புள்ளி என்று பெயர் அந்த இடத்துக்கு.
உறங்குகிறவனை எழுப்பிவிடும் செல்கள் கொஞ்சம்
அங்கே குடியிருக்கின்றன.
ஒன்றின் வயிற்றில்
கருப்பாய் ஒரு நூல்.
என் மயிர்தான் விழுந்ததென்று
தகட்டைத் துடைத்தேன்.
துடைத்தபின்னும் இருந்தது.

குலசேகரத்தில் ரப்பர் வெட்டி வளர்ந்தவள் நான்.
பால் பாலாக இருப்பது தானாக நடப்பதல்ல,
ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்ள வேண்டியது.
கழுவாத சிரட்டையில்
நேற்றைய ஒட்டுப்பால் ஒரு மிளகளவு கிடந்தால் போதும்,
இன்றைய பால்
வாளிக்கு வருமுன்னே திரிந்து கட்டிவிடும்.

டௌ என்று ஒரு புரதம்.
செல்லுக்குள் நீளும் குழல்களைக்
கலையாமல் பிடித்திருப்பது அதன் வேலை.
பாஸ்பேட் ஒன்று வந்து ஒட்டும். பிறகு இன்னொன்று.
பிடி தளரும்.
கழன்ற புரதம் கெட்டுப்போனதல்ல,
வேலையில்லாமல் மிதப்பது, அவ்வளவே.
பெரும்பாலும் திரும்பிப் போய்ப் பிடித்துக்கொள்ளும்.
ஏதோ ஓர் இரவு
ஒன்று தவறாக மடிகிறது.
அருகில் வந்ததைத்
தன்னைப் போலவே மடிக்கிறது.
மூன்றாவதற்கு யோசிக்க ஒன்றுமில்லை.

எந்த இரவு, டென்சிங்?
பேச்சிப்பாறை அணை திறந்துவிட்ட வாரமா,
ரெண்டு மணி அலாரம் அடிக்குமுன்
நீயே எழுந்து உட்கார்ந்த இரவுகளில் ஒன்றா?
கேள்வியே பிசகு.
தேதி போட்டுக்கொண்டு எதுவும் தொடங்குவதில்லை.

இந்த நூல் ஊர்ந்து
நினைவின் வாசலுக்குப் போய்ச் சேர
இருபது வருடம் ஆகலாம், முப்பதும் ஆகலாம்.
போகாமலே நின்றுவிடவும் கூடும்.
உன் வயதில் பலருக்கும் உண்டு.
பலரும் பேரப்பிள்ளைகளின் பெயர் சொல்லியபடியேதான்
சாகிறார்கள்.

மதியம் சான்றிதழ் வாங்க வந்தாள் றோஸ்லெட்.
நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.
பெஞ்சில் இடம் இருந்தது, பேசினாள்.
"அவருக்கு நல்ல ஓர்மையாக்கும்.
நோட்டுன்னு ஒண்ணு கெடயாது.
ஆருக்கு எத்தன கிலோ நெத்திலி, ஆரு எவ்வளவு தரணும்,
எல்லாம் தலைக்குள்ளதான்.
பதினேழு பேரு தரணும்னு மட்டும் ஒருநாளு சொன்னாரு.
பதினோரு பேரு வந்து சொன்னினும்.
மீதி ஆறு பேர
நான் எங்க போய்த் தேட?"

அந்தத் தலையை எனக்குத் தெரியும்,
ஆறு மைக்ரான் தடிமனில்.
நெத்திலிக் கணக்கு
எங்கேயும் சாயம் ஏற்கவில்லை.

நூலைப் பற்றி நான் சொல்லவில்லை.
எதற்குச் சொல்ல,
வராத ஒரு மறதியை
மறக்கவே மறக்காத ஒருத்தியிடம்?
தண்ணீர் வேண்டுமா என்றேன்.
வேண்டாமென்றாள்.
பதிவேட்டில் 'தற்செயல்' என்று எழுதி
தகட்டின் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன்.
எனக்கு நாற்பத்துநாலு.

உறக்கத்தில்தான் மூளை
தன் சிரட்டைகளைக் கழுவுமாம்.
அடித்துச் சொல்ல இன்னும் ஆளில்லை.
இருந்தும் பத்து மணிக்கே விளக்கணைத்தேன்.
ஓட்டில் மழை.
வாணியக்குடிக்காரர் ஒருவர் இருக்கலாம்.
அழகியமண்டபத்தில் ஹோட்டல் ஒன்று நிச்சயம்.
திங்கள்நகர் சந்தையில் ரெண்டு பேர்...
ரெண்டு மணி வரைக்கும்
அந்த ஆறு பேரை எண்ணிக்கொண்டு கிடந்தேன்,
நாலுக்கு மேல் வரவில்லை.